பி இயந்திரத்துக்கு ஓய்வு

செப்டம்பர் 16, திங்கள்

காலை பத்து ஐம்பதுக்கு ஏ இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நாற்பது விநாடிக்குப் பிறகு தானே அணைந்தது. திரையில் இரண்டு வரிகள். ‘ஏ, மின் வழங்கி 2, கோளாறு.’ ‘ஏ, மின் வழங்கி 2, சரியானது.’ நேரத்தைக் குறித்துக்கொண்டு எபனேசருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மாலைவரை பதில் இல்லை.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். கால் கிலோ என்று சொன்னால் கடைக்காரன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறான்.

செப்டம்பர் 18, புதன்

மறுபடியும். காலை பத்து ஐம்பத்திரண்டு, மாலை மூன்று ஐந்து.

நான் செத்த பிறகு யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் நானூறு படுக்கைகள், அறுநூற்று நாற்பது தொலைபேசிகள். அத்தனையையும் தரைத்தளத்தில் பில்லிங் அறைக்குப் பின்னால் உள்ள என் அறையில் இரண்டு இயந்திரங்கள் நடத்துகின்றன. ஒன்றின் பெயர் ஏ, மற்றது பி. ஏ வேலை செய்யும், பி அதைக் கவனித்துக்கொண்டே நிற்கும். ஏ விழுந்தால் அந்தக் கணமே பி ஏற்றுக்கொள்ளும். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின் வழங்கிகள். ஏ-யின் ஒன்றாம் வழங்கி இரண்டு வருடம் முன்பே செத்துவிட்டது. புதிது கேட்டு மூன்று முறை எழுதினேன். எபனேசர் ‘அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் சார்’ என்றான். ஆகவே ஏ இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்தக் கால்தான் நடுங்குகிறது.

எபனேசர் டிப்ளமோ படித்தவன். கம்பி சீவவும் முடியவும் அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி., பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். முதலிடம் ஒரு மதிப்பெண்ணில் போனது, அந்த விடைத்தாளைத் திருத்தியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்பு ஐ.டி. மேலாளர் பதவி வந்தபோது அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் நான். இளைஞன், கேட்டான், எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு அவனையே எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஆபரேட்டர் சண்முகக்கனி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். பதினான்கு வருடமாக. இன்று தடுப்பைத் தட்டி, “அண்ணாச்சி, மதினி எப்ப வாராவ?” என்று கேட்டாள்.

“அண்ணன் வீட்ல விசேஷம்.”

“ஆவணியில போனாவல்ல?”

“வேற விசேஷம்.”

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாத லைனில் வணக்கம் சொன்னாள்.

மங்கை நாகர்கோவிலில் இருக்கிறாள். தையல் மெஷினையும் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே பொழுது போக வேண்டாமா.

செப்டம்பர் 23, திங்கள்

முறையாகத் தேட ஆரம்பித்தேன். முதலில் வேலையை பி-க்கு மாற்றினேன். பிறகு ஏ-யின் இரண்டாம் வழங்கியைக் கழற்றி பி-யில் மாட்டினேன், பி-யினுடையதை ஏ-யில் மாட்டினேன். வழங்கியில் கோளாறு என்றால் கோளாறு அதனோடு இடம் மாறும். பத்து ஐம்பதுக்குப் பார்த்தால் ஏ-யில்தான் விளக்கு எரிந்தது. ஆக வழங்கி நல்ல வழங்கி. இருந்தபடியே மாட்டிவிட்டு மின்கம்பியை மாற்றினேன். மூன்று மணிக்கு மீண்டும் எரிந்தது. கம்பியும் நல்ல கம்பி.

இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதில் ஒரு சுகம் இருக்கிறது. மனிதர்களிடம் இது முடியாது. யாரைக் கழற்றி எங்கே மாட்டினாலும் குற்றம் என்னிடம் வந்துதான் நிற்கும்.

ஏழாவது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பதில் வந்தது: ‘பார்த்தேன் சார். கம்பெனியில் கேட்கிறேன்.’

செப்டம்பர் 25, புதன்

அறையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு அழைப்பு போட்டேன். எடுக்கவில்லை.

ஒவ்வொரு அழைப்பும் எப்படி முடிந்தது என்பதை இயந்திரம் ஓர் எண்ணாகப் பதிந்து வைக்கும். மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் பத்தொன்பது. அந்தப் பக்கம் இருப்பவர் பார்த்துவிட்டுத் துண்டித்தால் இருபத்தொன்று. இந்த அழைப்புக்கு இருபத்தொன்று விழுந்திருந்தது. மொபைல் கம்பெனிகள் தப்பான எண்ணை அனுப்புவது உண்டு.

செப்டம்பர் 27, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு சுவரில் உள்ள சிவப்பு பிளக் பாயிண்ட் முன்னால் பத்தரையிலிருந்து குந்தியிருந்தேன். அது இரண்டாம் யு.பி.எஸ்.ஸிலிருந்து வருவது; ஏ-யின் இரண்டாம் வழங்கி அதில்தான், பி முழுக்க முதல் யு.பி.எஸ்.ஸில். பத்து ஐம்பத்தொன்றுக்கு இருநூற்று முப்பது வோல்ட் நூற்று எண்பதுக்குச் சரிந்து பிறகு ஏறியது. அதே கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு பில்லிங் அறைக்குப் போகிறது. நானும் அதன் பின்னால் போனேன். இரும்பு பீரோவுக்குப் பின்னால் இன்னொரு சிவப்பு பாயிண்ட் இருந்தது. அதில் ஐந்து லிட்டர் டீ கெட்டில்.

“இதை யார் இதுல மாட்டினது?”

பில்லிங்கில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கனிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள். “எபி சார்தான் அண்ணாச்சி. அந்தப் பக்கத்துப் பாயிண்டு கருகிப்போச்சுல்லா. ஒரு மாசத்துக்கு இதுல போட்டுக்கிடுங்கன்னு சொன்னாவ. ஏன், டீ வேணுமா?”

வேண்டாம் என்றேன்.

ஒரு பிளக்கைப் பிடுங்கினால் தீர்ந்தது. கை பீரோவுக்குப் பின்னால் போகவும் செய்தது. பிறகு எடுத்துக்கொண்டேன். சிவப்பு பாயிண்டில் இயந்திரங்களைத் தவிர எதையும் மாட்டக்கூடாது என்று நான் அவனுக்குச் சொன்னது அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அவன் கீழே இறங்கி வந்து, என் அறையில் நின்று, என்ன கோளாறு சார் என்று கேட்கட்டும். கேட்டால் சொல்வேன். முதல் மாடியிலிருந்து பதினெட்டுப் படிகள்தான்.

எட்டாவது மின்னஞ்சல்: ‘ஏ இயந்திரத்தில் வன்பொருள் எச்சரிக்கை தொடர்கிறது. உடனடி கவனம் தேவை.’ எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

இரண்டு முறை எரிந்தது. ஒன்பதாவது மின்னஞ்சல். எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

எபனேசர் மேலிருந்து போன் செய்தான். பின்னால் வேறு யாரோ அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சார், அந்த அலாரம் என்னன்னு தெரிஞ்சிச்சா?”

“பாத்துட்டிருக்கேன்.”

“நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்க சார். ஏதாவது வேணும்னா சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டான். போனில் கேட்பதும் கேட்பதுதான் என்று ஒருவர் வாதிடலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. அன்று கருவிகளுக்கு வேலை கொடுக்கக்கூடாது, பூஜையில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி இல்லாமல் முடியுமா? ஆனால் எங்களிடம் இரண்டு இருக்கின்றனவே. ஒன்றை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமி காலையில் உயிர் கொடுப்போம். பதினெட்டு வருடம் முன்பு நான் ஆரம்பித்து வைத்தது. எபனேசர் என்னோடு இருந்த நாளில், “சார், நான் பொட்டு வைக்கலாமா, எங்க ஃபாதர் பாத்தா வைவாரு” என்று கேட்டுக்கொண்டே வைத்தான். பொட்டு கோணலாக இருந்தது.

சென்ற வருடம் ஏ-க்கு ஓய்வு. இந்த வருடம் பி-யின் முறை.

ஏ-யின் நிலைமையில் பி-யை நிறுத்தலாமா என்று யோசித்தேன். புறநோயாளி பில்லிங் நாளை விடுமுறை, கெட்டில் ஓடாது. கெட்டில் ஓடாவிட்டால் ஏ-க்கு ஒன்றும் ஆகாது. பி-யை ஓட விட்டு ஏ-யை நிறுத்தலாமே என்று கேட்கலாம். முறை என்று ஒன்று இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு பி-யை நிறுத்தினேன். பதினொன்று நாலுக்கு ஏ விழுந்தது.

அக்டோபர் 12, சனி

நேற்று எழுத முடியவில்லை.

பில்லிங் விடுமுறைதான். ஆனால் பூஜை போடுவதற்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பிரிண்டர்களுக்கு மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றி, பாட்டு போட ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சுண்டலை வீட்டிலிருந்து வேக வைத்துக்கொண்டு வந்து, சூடாகத் தாளித்துக் கொடுக்க வேண்டுமென்று ஒருத்தி இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுவந்திருக்கிறாள். அத்தனையும் பீரோவுக்குப் பின்னால் உள்ள சிவப்பு பாயிண்டில். இரண்டாம் யு.பி.எஸ். ஒரு முறை கத்திவிட்டு நின்றது.

என் அறையில் எப்போதும் மின்விசிறிகளின் இரைச்சல் இருக்கும். இருபத்தேழு வருடமாக அதைக் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. நேற்று அது நின்றபோதுதான் கேட்டது.

கனி தடுப்பைத் தட்டினாள். “அண்ணாச்சி, எல்லா லைனும் செத்துப்போச்சு.” நான் பி-யின் பொத்தானை அமுக்கினேன். விரலில் குங்குமம் ஒட்டியது. பி எழுந்து, தன்னைத் தானே சோதித்து, அறுநூற்று நாற்பது தொலைபேசிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நலம் விசாரிக்கப் பதினான்கு நிமிடம் ஆகும். அதை அவசரப்படுத்த வழியில்லை. நான் நின்றேன்.

மூன்றாம் மாடிப் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இரத்தம் நிற்கவில்லை. ரத்த வங்கி அடித்தளத்தில் இருக்கிறது, அங்கே மொபைல் எடுக்காது. தியேட்டரில் இருக்கும் டாக்டர் மொபைலை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். நர்ஸ் போனை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்திருக்கிறாள். பிறகு அட்டெண்டர் ஓடியிருக்கிறார். கனி தன் நாற்காலியை விட்டெழுந்து படியேறி ஓடினாள். பதினான்கு வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

பதினொன்று பதினெட்டுக்கு எல்லாம் சரியானது. ரத்தம் மேலே போகும்போது பதினொன்று இருபத்தொன்று.

குழந்தை நலம். தாய் உயிரோடு இருக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது இருபத்து மூன்று. சீக்கிரம் ரத்தம் ஏறியிருந்தாலும் எடுக்க வேண்டித்தான் இருந்திருக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். சொல்ல முடியாது என்று இன்னொருவர் சொன்னாராம். இரண்டையும் கனிதான் என்னிடம் சொன்னாள். சுண்டல் டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யாரும் தின்னவில்லையாம்.

அக்டோபர் 14, திங்கள்

சிவப்பு பாயிண்டைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். காரணம் அன்றே தெரிந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பைக் கண்டால் யாருக்கும் தெரியும். அதற்கு முன்பு கெட்டில் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை விசாரணை. என் கோப்பில் பதினோரு மின்னஞ்சல்கள். பதில் வந்தது இரண்டுக்கு. அவன் தப்ப முடியாது.

இயந்திரத்தின் பதிவேட்டையும் கேட்டிருக்கிறார்கள். அதில் ‘பி, கையால் நிறுத்தப்பட்டது, 09:12’ என்று என் பெயரோடு இருக்கிறது. அந்த வரியை எடுக்க எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நினைத்ததை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

கண்காணிப்பாளர் டாக்டர் பகவதி மேசையின் தலைமாட்டில். அவருக்கு ஒரு பக்கம் நான், எதிரே எபனேசர். கோப்பைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எபனேசரைப் பார்த்து, “பதினோரு தடவை எழுதியிருக்காங்க. என்ன செஞ்சீங்க?” என்றார்.

“சரியாப் பாக்கல மேடம். என் தப்பு.”

“இந்த பி மெஷின். அன்னைக்கு இதை ஏன் நிறுத்தியிருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பேசினான். “அது வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நாங்க செய்யறது மேடம். சாருக்கு அதுல விருப்பமில்ல, அலாரம் இருக்கேன்னு சொன்னாரு. நான்தான் பரவாயில்ல, நிறுத்துங்கன்னு சொன்னேன்.”

நான் அப்படிச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆயுத பூஜை அன்று காலை அவன் சர்ச் கூட்டத்தில் இருந்தான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “அப்படியா நம்பிராஜன்?”

மேசையில் ஒரு தண்ணீர் டம்ளர் மூடியோடு இருந்தது. அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 17, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. எபனேசரைக் கிளை ஆஸ்பத்திரிக்கு டெக்னீஷியனாக அனுப்புகிறார்கள், ஒன்றாம் தேதியிலிருந்து. அவன் பொறுப்பு இனி என்னிடம். நடந்ததைப் பற்றியும் இனிச் செய்ய வேண்டியதைப் பற்றியும் அறிக்கை எழுதி திங்கள்கிழமை தரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பது வருடம் காத்திருந்த நாற்காலி. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

எபனேசர் கீழே வந்தான். பதினெட்டுப் படிகளும் இறங்கி, என் அறைக்குள். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான். நின்றுகொண்டே இருந்ததால் உட்காரச் சொன்னேன்.

“எதுக்கு அப்படிச் சொன்னே?”

“எப்படி சார்?”

“தெரியாத மாதிரி கேக்காதே.”

அவன் பி இயந்திரத்தைப் பார்த்தான். குங்குமம் இன்னும் அழியவில்லை. “மெயிலைப் பாக்காம விட்டது நெசந்தானே. அந்தப் பாயிண்ட்ல கெட்டிலப் போடச் சொன்னதும் நான்தான், அது உங்களுக்குத் தெரியாது. எப்படியும் எனக்கு அடிதான். ரெண்டு பேரும் சேந்து எதுக்கு வாங்கணும்? எனக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும் சார். ஒங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. இந்த வயசுல வெளிய போயி எங்கன நிப்பீங்க. அதுவும் இப்ப அக்காவும் இல்லாம…”

“அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா.”

“சரி சார்.”

“விசேஷத்துக்கு.”

“சரி சார்” என்றான் மறுபடி, மிகவும் மெதுவாக. கனி தடுப்புக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியும். அறுநூற்று நாற்பது தொலைபேசிகளுக்கும் தெரியும்போல.

போகும்போது, “மோர்க்குழம்புப் பொடி கொண்டாந்து தரட்டுமா சார்? வீட்ல அரைக்கா” என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அறிக்கையை எழுதினேன். நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டேன்: ‘கோளாறின் காரணம் அறியப்பட்ட தேதி’. அக்டோபர் 11 என்று எழுதினால் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எபனேசர் உட்பட.

மத்தியானம் சோறு வடித்தேன். ரசத்தில் உப்பு போடவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

இருபத்தேழு வருடத்தில் எனக்குப் பிறர் செய்த கேடுகளுக்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. யார், எந்த வருடம், என்ன வார்த்தை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவன் பெயர் அதில் முதலில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் அவனை வைக்க முடியவில்லை, அங்கே வேறு யாரையும் வைக்கவும் முடியவில்லை. எனக்கு ஒருவன் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறான், நான் ஆறு வருடம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும். இதற்கு நான் ஒப்ப மாட்டேன். அவனுக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும், அவள் பெயரைக்கூட நான் இன்னும் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 27 என்று எழுதினேன். கீழே, பி-யை நிறுத்தச் சொன்னது யாரும் இல்லை என்றும் எழுதினேன்.

அக்டோபர் 21, திங்கள்

டாக்டர் பகவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இருபத்தேழாம் தேதியே தெரியுமா?”

“தெரியும்.”

“பிளக்கைப் பிடுங்கினா போதும்னும் தெரியும்.”

“தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது அந்தக் காரணம் மிகவும் சின்னதாக இருந்தது. ஆனாலும் வேறு காரணம் என்னிடம் இல்லை. “எபனேசர் கீழ வந்து கேப்பான்னு இருந்தேன் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் பொண்ணு பேரு இசக்கியம்மாள்” என்றார். “இன்னைக்கு வீட்டுக்குப் போறா. நீங்க வெளிய இருங்க. கூப்பிடுதேன்.”

வெளியே பெஞ்சில் இடமில்லை. பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஸ்கேன் உறையை வைத்திருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “உள்ள யாரு இருக்கா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“யாருமில்ல.”

“பின்ன, உங்களுக்குத்தான் ஒடம்புக்கா?”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

“டோக்கன் வாங்கிட்டியளா?”

“இல்ல.”

“வாங்கிட்டு வந்து இரிங்க. எடத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றார். “கூப்பிட நேரமாவும்.”